ஒரே தேசிக்கன்றில் மூன்று நிற வண்ணத்துப்பூச்சிகள்: எத்தனை இனம், என்ன மருந்து?

கேள்வி: மாங்குளத்தில் நாற்பது தேசிக்கன்றுகள் வைத்திருக்கிறேன். இலை தின்ற புழுக்களை மகள் போத்தலில் இட்டு வளர்த்தாள். கறுப்பில் வெள்ளைப் பட்டி உள்ளவை, கறுப்பில் சிவப்புப் புள்ளி உள்ளவை, வெளிர்மஞ்சள் திட்டுகள் நிறைந்த வாலில்லாதவை என மூன்று வகைப் பூச்சிகள் வந்தன. இவை கலந்து பிறந்தவையா? மூன்றுக்கும் வெவ்வேறு மருந்து வேண்டுமா?

பதில்: வந்தவை இரண்டு இனங்களே, கலப்பு எதுவும் இல்லை. வாலில்லாதது பப்பிலியோ டெமோலியஸ். மற்ற இரண்டும் அதன் உறவினமான பப்பிலியோ பொலிட்டெஸ். ஒரே தாயின் முட்டைகளிலிருந்தே வெள்ளைப் பட்டியுள்ள மகளும் சிவப்புப் புள்ளியுள்ள மகளும் பிறக்கக்கூடும்.

சிவப்புப் புள்ளி உள்ளது எப்போதும் பெண்தான். பறவைகள் உண்ணத் தயங்கும் ஒரு நச்சு வண்ணத்துப்பூச்சியின் கோலத்தை அது போர்த்துக்கொண்டிருக்கிறது. மகளிடம் அதன் உடலைப் பார்க்கச் சொல்லுங்கள்: நச்சுப் பூச்சியின் உடல் இரத்தச் சிவப்பு, உங்கள் போத்தலில் பிறந்ததன் உடல் கறுப்பு. இறகு ஏமாற்றினாலும் உடல் காட்டிக்கொடுத்துவிடும்.

இவ்வளவு பெரிய தோற்ற வேறுபாட்டை டபிள்செக்ஸ் என்ற ஒரே பரம்பரையலகு (ஜீன்) தீர்மானிக்கிறது என்பது 2014இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. பூச்சிகளில் ஆண், பெண் உடலமைப்பைப் பிரித்து வளர்ப்பதே இதன் பழைய வேலை; பொலிட்டெஸ் இனத்தில் இறகுக் கோலம் வரையும் பொறுப்பும் அதனிடம் சேர்ந்திருக்கிறது. நச்சுப் பூச்சியைப் போலத் தோன்றும், நன்கு ஆராயப்பட்ட ஒரு போலி வடிவத்தில், இப்பரம்பரையலகு அமைந்த நிறமூர்த்தத் துண்டு தலைகீழாகத் திரும்பியிருப்பதால், அதனுள் சேர்ந்த மாற்றங்கள் தலைமுறைதோறும் பிரிந்து சிதறாமல் ஒரே கட்டாகப் பிள்ளைகளுக்குச் செல்கின்றன. போலிக் கோலத்துக்குரிய எதிருரு (இப்பரம்பரையலகின் ஒரு வடிவம்) ஆட்சியுடையது; அதாவது பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே மகளில் அது வெளிப்படும். ஆணும் அதைச் சுமக்கலாம், ஆனால் அவன் இறகில் அது வெளிப்படாது. 2015இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், கூட்டுப்புழுப் பருவத்துப் போலிப் பெண்ணின் ஒரு பக்க இறகில் மட்டும் இப்பரம்பரையலகின் செயற்பாட்டை அடக்கியபோது, அந்த இறகு ஆணின் கோலத்துக்கே திரும்பியது. இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தென்கிழக்காசியாவில் வாழும் உறவினமான பப்பிலியோ மெம்னொனிலும் பெண்ணின் போலிக் கோலத்துக்கு இதே பரம்பரையலகுதான் காரணம்; ஆனால் அங்கே அத்துண்டு திரும்பவில்லை. நெருங்கிய இனங்கள் ஒரே கருவியை வெவ்வேறு வழியில் பயன்படுத்தியிருப்பதையே இது காட்டுகிறது. ஆகவே நிறத்தை மட்டும் வைத்து இனம் பிரிப்பது தவறாகிவிடும்.

மருந்தைப் பொறுத்தவரை, இரு இனப் புழுக்களும் தேசியையும் கறிவேப்பிலையையும் ஒரே விதமாகவே தின்பதால் தனித்தனி மருந்து தேவையில்லை. கொழுந்துகளில் ஒற்றையாக ஒட்டியிருக்கும் உருண்டை முட்டைகளையும், பறவை எச்சம் போலத் தோன்றும் இளம் புழுக்களையும் காலையில் கையால் பொறுக்குங்கள். நாற்பது கன்றுக்கு அதுவே போதும். மீறினால் வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிக்கலாம். வளர்ந்த மரம் இந்த இழப்பைத் தாங்கிக்கொள்ளும்.

வேலியோரத்து ஆடுதின்னாப்பாளைக் கொடியில் சிவப்பு உடல் பூச்சியைக் கண்டால் அதைத் தொடாதீர்கள். அதன் புழு அந்தக் கொடியைத்தான் தின்னும், உங்கள் தேசிக்கு வராது.