முதல் சாகசப் பந்தயம்: சைக்கிள் இருக்கட்டும், ஷூவைப் பாருங்கள்

ஓட்டம், சைக்கிள், கயாக் (துடுப்பு போடும் சிறு படகு) மூன்றும் சேர்ந்த ஆறு மணி நேரப் பந்தயம், கையில் பழைய மலை சைக்கிள்தான், புதிது வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். பிரேக் கட்டை, செயின், டயர் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள், போதும்.

பணத்தை ஷூவில் போடுங்கள். தண்ணீர் புகாத ஷூ மட்டும் வேண்டவே வேண்டாம். கயாக்கிலிருந்து இறங்கும்போது கணுக்கால் வழியாகத் தண்ணீர் நிறைந்துவிடும், அப்புறம் வெளியே போகாது. வலைத்துணி ஷூ என்றால் நாலு எட்டு ஓடியதுமே தண்ணீர் பிதுங்கி வெளியேறிவிடும். என் முதல் பந்தயத்துக்குப் புது ஷூவோடு போய், குதிகால் கொப்புளம் உடைந்து, கடைசி இரண்டு மணி நேரமும் நடந்தேன். அதனால் அதே ஷூ, அதே காலுறையில் சில வாரம் ஓடுங்கள். நனைத்தும் ஓடிப் பாருங்கள்.

வாரம் ஒருமுறை சைக்கிளை விட்டு இறங்கிய கையோடு ஓடுங்கள். முதல் சில நிமிடம் கால் மரக்கட்டை மாதிரி கனக்கும், போகப் போகப் பழகிவிடும்.

அப்புறம் வரைபடம். பல பந்தயங்களில் ஜிபிஎஸ்ஸுக்கு அனுமதி கிடையாது, வரைபடம் பார்த்துத்தான் வழி கண்டுபிடிக்க வேண்டும். திசைகாட்டியை வைத்து வரைபடத்தை வடக்கு நோக்கித் திருப்பி, நிற்கும் இடத்தில் கட்டைவிரலை வைத்து, போகப் போக நகர்த்துங்கள். விசில், தலையில் மாட்டும் விளக்கு என்று கட்டாயப் பொருள்கள் எல்லாவற்றையும் பையில் போட்டு, ஒரு நாளாவது அதைச் சுமந்து ஓடுங்கள்.