புதுக் கதவுக்குப் பெயின்ட்: முதலில் உப்பைத் துடையுங்கள்

மண்டபத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: போன வருடம் புது வேப்பமர ஜன்னலுக்கு எனாமல் அடித்தார்களாம். தடவினால் சொரசொரப்பு, ஆறே மாதத்தில் கொப்புளம். இப்போது செய்திருக்கும் கதவாவது வழவழப்பாக வர என்ன செய்வது என்கிறார்.

மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும் என்பது எந்த ஊருக்கும் பொது. உங்கள் கடற்கரையில் கூடுதலாக ஒன்று: உப்பு. திண்ணையில் நான்கு நாள் சாத்தி வைத்த கதவின் மேல் அது கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும். காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மேலே பெயின்ட் அடித்து மூடினால், வெயில் ஏறும்போது அந்த ஈரம் ஆவியாகிப் பெயின்டைத் தூக்கிவிடும்.

இழைப்புளித் தடம் இருக்கும் இடத்தில் மட்டும் 80 நம்பர் உப்புத்தாள். அப்புறம் 120, 180. தாளை ஒரு கட்டையில் சுற்றி, மர ரேகை ஓடும் திசையிலேயே தேயுங்கள். குறுக்கே தேய்த்த கீறல் பளபளப்பான எனாமலில் அப்படியே தெரியும்.

பிறகு பிழிந்த ஈரத்துணியால் கதவு முழுக்கத் துடையுங்கள். போர் தண்ணீர் வேண்டாம், அதுவே உப்பு. குடிக்க வரும் காவிரித் தண்ணீரில் அரை வாளி போதும். நிழலில் காய்ந்ததும் தடவிப் பாருங்கள். மொட்டையடித்து இரண்டு நாளான தலை போல நறநறவென்று இருக்கும். இழைத்தபோது அமுங்கிப் படுத்த நார்கள் ஈரம் பட்டு எழுந்து நிற்கின்றன. இவை பெயின்டுக்கு அடியில் எழுந்தாலும் சொரசொரப்புதான். அடிப்பூச்சாக அடிக்கும் பிரைமர் வாட்டர் பேஸ் என்றால் இது இன்னும் அதிகம். 220 தாளை அழுத்தாமல் ஓட்டி, எழுந்ததை மட்டும் வெட்டிவிடுங்கள்.

அடுத்தது பிரைமர். பள்ளம் நிரப்பும் பட்டி அதற்குப் பிறகுதான். வெறும் மரத்தில் பட்டி பார்ப்பவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடே இல்லை. மரம் பட்டியின் எண்ணெயைக் குடித்துவிட, அது சுருங்கி உதிரும். சுவர்ப் பட்டியும் கூடாது. மர வேலைக்கான பட்டியை மெல்லிசாக இழுத்து, காய்ந்ததும் தேய்த்து, இன்னொரு கை பிரைமர் கொடுங்கள்.

ஒவ்வொரு கோட்டுக்கு முன்பும் துடைத்துக் காயவிடுங்கள். ஒரே இரவில் மறுபடி உப்பும் மணலும் படியும். வெயில் வந்து பனி ஈரம் போனபின் தொடங்கி, பிற்பகலுக்குள் முடித்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையே வேண்டாம்.

கதவை மாட்டுவதற்கு முன் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் இரண்டு கை பிரைமர் கட்டாயம். கதவின் செங்குத்துச் சட்டங்களின் வெட்டுமுனைகள் தண்ணீரை உறிஞ்சுவது அங்கேதான். மாட்டிய பிறகு அந்த இடுக்கில் பிரஷ் நுழையாது.