ஓடும்போது ஈரம், நிற்கும்போது உலர்வு: ஹைட்ரஜன் வண்டி கேள்வி-பதில்

ஹைட்ரஜன் வண்டிகளைப் பற்றி எழுதியதிலிருந்து வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் குளிரைப் பற்றியவைதான். சேலத்து வெயிலில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து உறைபனிக்குப் பதில் எழுதுவது வேடிக்கையாக இருக்கிறது. சரி, கேட்டவர்களுக்குச் சொல்லித்தானே ஆக வேண்டும்.

மார்கழிக் குளிரில் ஏற்காட்டில் ஹைட்ரஜன் கார் உறைந்துவிடுமா?
– காபித் தோட்டக்காரர், நாகலூர்

உறையாது. ஸ்வெட்டர் போடும் குளிர் வேறு, தண்ணீர் கட்டியாகும் குளிர் வேறு. நீங்கள் கவனிக்க வேண்டியது உயரத்தை. ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டரில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. ஹைட்ரஜனையும் காற்றிலுள்ள ஆக்ஸிஜனையும் சேர்த்து வண்டிக்கு மின்சாரம் செய்வது ஃப்யூல் செல். அதற்குக் காற்றை அழுத்தித் தருவது கம்ப்ரஸர். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டி முழுத் திறனைக் கேட்கும்போது கம்ப்ரஸர் கூடுதலாக உழைக்க வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் அடிவாரத்து மே மாத வெயில். பெட்ரோல் எஞ்சினின் வெப்பத்தில் கணிசமான பகுதி சைலன்சர் வழியே போய்விடும். ஃப்யூல் செல்லில் ஏறக்குறைய எல்லாமே கூலன்ட் என்னும் குளிர்விக்கும் திரவம் வழியாகத்தான் போக வேண்டும். கூலன்டோ 70, 80 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. வெளியே 40 டிகிரி வெயில் அடித்தால் ரேடியேட்டர் திணறும். நம்மூருக்கு வருகிற வண்டியில் நான் முதலில் பார்ப்பது ரேடியேட்டர் எவ்வளவு பெரியது என்பதைத்தான்.

ஃப்யூல் செல்லுக்குத் தண்ணீர் வேண்டும் என்கிறார்கள், தண்ணீர் கூடாது என்றும் சொல்கிறார்கள். எது சரி?
– பாலிடெக்னிக் மாணவர், ஓமலூர்

இரண்டுமே சரி தம்பி. குழப்பம் எல்லாம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

செல்லுக்கு உள்ளே ஹைட்ரஜன் பக்கத்தையும் காற்றுப் பக்கத்தையும் பிரிக்கும் சவ்வு வெற்றிலை மாதிரி. ஈரத்துணியில் சுற்றி வைத்தால் பசுமையாக இருக்கும். காயவிட்டால் சுருண்டுவிடும், தண்ணீரில் ஊறப்போட்டால் அழுகிவிடும். ஹைட்ரஜனிலிருந்து பிரிந்த புரோட்டான்கள் சவ்வைக் கடக்க ஈரம் வேண்டும். காய்ந்த சவ்வில் மின்தடை ஏறி, மின்சாரம் குறைந்துவிடும். மறுபக்கம், காற்று வரும் பக்கத்தில் ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் சேர்ந்து தண்ணீர் உருவாகிக்கொண்டே இருக்கிறது. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9 கிலோ தண்ணீர்! அது வெளியேறாமல் நுண்துளைகளில் தேங்கினால் ஆக்ஸிஜனுக்கு வழி அடைபட்டுவிடும்.

இதோடு குளிரையும் சேர்த்துப் பாருங்கள். தண்ணீர் உறைந்தால் கன அளவு சுமார் 9 சதவீதம் கூடும். ஃப்ரீசரில் மறந்துபோன பாட்டில் விரிசல் விட்டதைப் பார்த்திருப்பீர்கள். அதே வேலையை அது, சவ்வின்மேல் வினையை வேகப்படுத்தும் வினையூக்கி அடுக்கிலும் செய்யும். இரவில் நின்ற வண்டியைக் காலையில் மைனஸ் 20 டிகிரியில் கிளப்பினால் நடப்பது ஒரு பந்தயம். உருவாகும் புதுத் தண்ணீர் அங்கேயே உறைந்து துளைகளை அடைப்பதற்குள் செல் சூடாகி பூஜ்யத்தைத் தாண்ட வேண்டும். தாண்டாவிட்டால் மூச்சு முட்டி நின்றுவிடும்.

இந்தப் பந்தயத்தின் முடிவு காலையில் தெரியும், ஆனால் அது முந்தின நாள் மாலை வண்டியை நிறுத்தும்போதே தீர்மானமாகிவிடுகிறது. நிறுத்தும் நேரத்தில் காற்றை ஊதி உள்ளேயிருக்கும் ஈரத்தை வெளியேற்றுவார்கள். சவ்வு ஓரளவு காய்ந்திருந்தால் காலையில் உருவாகும் முதல் தண்ணீரை அதுவே குடித்துக்கொள்ளும். அதற்குள் செல் சூடாகிவிடும். அளவுக்கு மீறிக் காய்ந்தாலும் தொல்லைதான், காலையில் மின்சாரம் கிளம்பாது. அதனால் ஊதும்போதே சவ்வின் மின்தடையை அளந்து ஈரத்தைக் கணிக்கிறார்கள்.

காலையில் செய்யும் தந்திரமும் அழகானது: வேண்டுமென்றே காற்றைக் குறைத்துக் கொடுப்பார்கள். வழக்கமாக 0.6, 0.7 வோல்ட்டில் ஓடும் செல்லின் மின்னழுத்தம் அப்போது இன்னும் கீழே இறங்கும். மின்சாரமாகாத ஆற்றல் வெப்பமாகும். மற்ற நேரத்தில் இது விரயம், இங்கே இதுவே அடுப்பு. 2003-இல் ஹோண்டா மைனஸ் 20 டிகிரியில் கிளம்பும் செல் அடுக்கை, அதாவது பல செல்களை அடுக்கிய தொகுப்பை, அறிவித்தது. 2014 இறுதியில் வந்த டொயோட்டா மிராய் மைனஸ் 30 வரை தாங்கும் என்றார்கள்.

வெளிநாட்டில் மகனுடைய ஹைட்ரஜன் கார், சாவியை அணைத்த பிறகும் உர்ரென்று சத்தம் போடுகிறது. பழுதா?
– இல்லத்தரசி, சூரமங்கலம்

இல்லை அம்மா, மேலே சொன்ன ஊதல்தான் அது. குளிர் கூடினால் நிறுத்தி வைத்த பிறகும் சில வண்டிகள் தானாக விழித்து ஊதிக்கொள்ளும். பேட்டரி இணைப்பை மட்டும் பாதியில் பிடுங்க வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள். மிராயில் இதற்கென்றே எச்2ஓ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தி வெளியிலேயே தண்ணீரைக் கொட்டிவிட்டு வண்டியை ஷெட்டுக்குள் விடலாம்.

காஷ்மீர் லோடு போனால் காலையில் டீசல் டேங்குக்கு அடியில் நெருப்பு மூட்டித்தான் வண்டியை எடுப்போம். ஹைட்ரஜன் லாரிக்கும் அப்படிச் செய்யலாமா?
– லாரி டிரைவர், சங்ககிரி

அண்ணே, வேண்டவே வேண்டாம்! டீசலுக்கே அது ஆபத்துதான். லடாக் குளிருக்காக மைனஸ் 33 டிகிரி வரை உறையாத டீசலை 2019-இல் இந்தியன் ஆயில் கொண்டுவந்துவிட்டது. ஹைட்ரஜன் டீசல் மாதிரி கெட்டிப்படாது, அது திரவமாகவே மைனஸ் 253 டிகிரிக்குப் போக வேண்டும். டேங்கைச் சூடாக்குவதில் பயனே இல்லை. சுமார் 110 டிகிரி சூடு பட்டால் டேங்கின் பாதுகாப்பு வால்வு திறந்து உள்ளே இருப்பதை மொத்தமாக வெளியே விட்டுவிடும். கீழே நெருப்பு இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

புகையே வராத வண்டியில் சைலன்சர் பக்கம் பார்க்க என்ன இருக்கிறது?
– மெக்கானிக், கொண்டலாம்பட்டி

நிறைய இருக்கிறது. ஆக்ஸிஜனைக் கொடுத்துவிட்டு வெளியேறும் காற்றுக்கு மூன்று வேலைகள். உருவான தண்ணீரை அள்ளிக்கொண்டு போவது ஒன்று. பல வண்டிகளில் போகிற வழியில் தன் ஈரத்தை உள்ளே வரும் உலர்ந்த காற்றுக்குக் கொடுக்கிறது. மூன்றாவதுதான் பலருக்குத் தெரியாதது. காற்றிலுள்ள நைட்ரஜன் சவ்வைக் கசிந்து கடந்து ஹைட்ரஜன் பக்கம் சேர்ந்துகொண்டே இருக்கும். அவ்வப்போது ஒரு வால்வைத் திறந்து அதை வெளியேற்றும்போது கொஞ்சம் ஹைட்ரஜனும் கூடவே போகும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஹைட்ரஜன் தீப்பிடிக்கும் என்பதால், வெளியேறும் காற்றைக் கலந்து அதை நீர்க்கச் செய்கிறார்கள். எந்த 3 விநாடிச் சராசரியும் 4 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, எந்தக் கணத்திலும் 8-ஐத் தாண்டக்கூடாது என்பது சர்வதேச விதி. அந்த வால்வில் ஒரு துளி தண்ணீர் உறைந்து மூட முடியாமல் போனால் எவ்வளவு தொல்லை என்று பாருங்கள்.

என் அனுபவம் ஒன்று. ஒரு சோதனைக்கூடத்தில் செல் அடுக்கைப் பக்குவமாக உலர்த்திக் குளிர் அறையில் வைத்தோம். காலையில் கம்ப்ரஸர் சுற்றுகிறது, ஆனால் காற்று போகவில்லை. சவ்வு, சென்சார், மென்பொருள் என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டு இரண்டு நாள் போனது. கடைசியில் பார்த்தால் வெளியேறும் குழாயில் ஒரு தொய்வு. அதில் அரை டம்ளர் தண்ணீர் தேங்கி, கட்டியாகித் தக்கை மாதிரி அடைத்திருந்தது. குழாயைச் சரிவாகத் தூக்கிக் கட்டி, தாழ்ந்த இடத்தில் வடிதுளை போட்டதும் தீர்ந்தது. கூரைத் தகரத்துக்குச் சரிவு வைக்கும் கொத்தனார் யாராவது கூட இருந்திருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்.

லேயில் பட்டாளத்தில் இருக்கும் என் பையன் அங்கே ஹைட்ரஜன் பஸ் வந்திருப்பதாகச் சொன்னான். கொட்டும் தண்ணீர் ரோட்டில் உறைந்து வழுக்காதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், ஆத்தூர்

நல்ல கேள்வி ஐயா. 11,562 அடி உயரத்தில் ஓட்டுவதற்காக மத்திய அரசின் மின் நிறுவனமான என்.டி.பி.சி. கொண்டுவந்த அந்த பஸ்கள் நம் அசோக் லேலண்ட் செய்தவை. ஒரு கார் 100 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ ஹைட்ரஜன் தின்னும், அதாவது 9 லிட்டர் தண்ணீர். பெட்ரோல் காரும் லிட்டருக்கு ஒரு லிட்டர் அளவில் தண்ணீர் விடுகிறது. சூடான புகையில் ஆவியாகப் போவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. பஸ் இன்னும் பல மடங்கு விடும். ஓடும் வண்டியிலிருந்து பரவலாக விழுவது பெரிய தொல்லை இல்லை; ஒரே இடத்தில் நிற்கும் பஸ் நிறுத்தத்திலும் டெப்போவிலும்தான் கட்டியாகும். அங்கே வடிகால் வேண்டும், கொஞ்சம் மணலும் தூவ வேண்டியிருக்கும்.

அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா?
– மாணவி, அம்மாபேட்டை

சுத்தமாகத்தான் பிறக்கிறது. ஆனால் வரும் வழியில் குழாயின் உலோகத்தையும் சவ்விலிருந்து கரையும் ஃப்ளோரைடையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு வரும். குடிக்க மேட்டூர் தண்ணீரே போதும்.