ஆளை எடை போட்டு விமான டிக்கெட் விற்கலாமா?

கேள்வி இது: "நான் 54 கிலோ. பக்கத்துச் சீட்டுக்காரர் நூறு கிலோவுக்கு மேல் இருப்பார். இரண்டு பேருக்கும் ஒரே டிக்கெட் விலை. ஆனால் என் பெட்டி இரண்டு கிலோ கூடிவிட்டால் மட்டும் தனியாகப் பணம் கேட்கிறார்கள். விமானத்தில் ஆளின் எடையைப் பார்த்துக் கட்டணம் வாங்கினால் என்ன?"

அந்தப் பக்கத்துச் சீட்டுக்காரர் நானாகவே இருக்கலாம். போன மாத நிலவரப்படி 104 கிலோ. வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், வேலை புதுச்சேரியில் ஒரு பார்சல் ஆபீசில். ஊரார் சாமானை எல்லாம் எடை போட்டுப் பில் போடுவதுதான் பதினாறு வருடமாக என் பிழைப்பு. ஆகவே இந்த வழக்கில் நான் குற்றவாளியும்தான், கணக்குப்பிள்ளையும்தான்.

முதலில் உங்கள் கோபம். அதில் பாதி நியாயம் இருக்கிறது. 15 கிலோ அனுமதியில் பெட்டி கவுண்டரில் 17 கிலோ காட்டினால், கூடிய ஒவ்வொரு கிலோவுக்கும் ஐந்நூறுக்கு மேல் கேட்கிறார்கள். பெட்டியைத் தரையில் பிரித்து வைத்து, அம்மா கொடுத்த முறுக்கு டப்பாவைக் கைப்பைக்கு மாற்றாதவர் யார்? மாற்றிய பிறகும் அதே முறுக்கு அதே விமானத்தில்தான் போகிறது. அந்த இரண்டு கிலோவுக்கு அவர்கள் கேட்டது விமான எண்ணெய்ச் செலவு இல்லை, வசூல். அதை வைத்து ஆளுக்கும் அப்படியே போடு என்று கேட்டால், ஒரு தப்பான கணக்கை இன்னும் பெரிதாக்கச் சொல்வது மாதிரி ஆகிவிடும்.

எங்கள் ஆபீசுக்கு ஒருவர் தெர்மாகோல் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருவார். ஒரே கையில். நீளம் 60 சென்டிமீட்டர், அகலம் 60, உயரம் 30. மெஷினில் வைத்தால் 4 கிலோ. விமானத்தில் அனுப்ப வேண்டுமென்றால் பில்லில் 18 கிலோ என்று போடுவோம். அவருக்கு வரும் கோபத்தைப் பார்க்க வேண்டுமே! மூன்று அளவையும் பெருக்கி 6000-ஆல் வகுத்தால் வருவது வால்யூம் வெயிட். நிஜ எடை, வால்யூம் வெயிட், இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். ஏனென்றால் அந்தப் பெட்டி அடைத்துக்கொண்ட இடத்தில் வேறு சாமான் போக முடியாது. சரக்குக்கே எடை மட்டும் கணக்கு இல்லை, இடமும் கணக்கு.

மனிதருக்கு விமானத்தில் விற்பது முழுக்க முழுக்க இடம்தான். 54 கிலோ ஆள் ஏறினாலும் 104 கிலோ ஆள் ஏறினாலும் ஒரு சீட் போச்சு. யாருமே ஏறாவிட்டாலும் அந்தச் சீட் பறந்துதான் ஆக வேண்டும்.

இதை நம் புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையத்தில் வந்து இறங்கும் ஏடிஆர் என்ற சின்ன விமானத்தை வைத்தே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 78 சீட். ஆளும் சாமானும் எண்ணெயும் ஏறாமலே 13 டன்னுக்கு மேல். எல்லாம் ஏறிக் கிளம்பும்போது 23 டன்னைத் தாண்டக் கூடாது. வெறும் விமானத்தின் எடையை 78-ஆல் வகுத்தால் சீட்டுக்குச் சுமார் 170 கிலோ. அதாவது நீங்கள் ஏறும்போது உங்கள் 54 கிலோவோடு, உங்கள் பங்கு இரும்பும் அலுமினியமும் 170 கிலோ சேர்ந்து பறக்கிறது. மொத்தம் 224. எனக்கு 274. நான் உங்களைப் போல இரண்டு மடங்கு இருக்கிறேன் என்று கண்ணுக்குத் தெரிகிறது. விமானத்துக்குத் தெரியும் வித்தியாசம் ஐந்தில் ஒரு பங்கைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான்.

ரூபாயில் பார்ப்போம். கூடுதலாக ஏற்றிய எடையில் ஏறக்குறைய 3 முதல் 4 சதவீதம் அளவுக்கு மணிக்கு எண்ணெய் எரியும் என்பது விமானத் துறையில் உள்ளவர்கள் சொல்லும் தோராயக் கணக்கு. நமக்குள் வித்தியாசம் 50 கிலோ. அதிகபட்சமாக வைத்தாலும் ஒரு மணி நேரத்துக்கு 2 கிலோ எண்ணெய். இரண்டரை லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் 250 ரூபாய். மற்ற செலவெல்லாம், விமானி சம்பளம், விமான வாடகை, இறங்குகிற கட்டணம், நம் இருவருக்கும் ஒன்றுதான். நீங்கள் கேட்கிற மாதிரி கிலோவுக்கு இவ்வளவு என்று விலை வைத்தால், நீங்கள் 3,000 கொடுக்கும் இடத்தில் நான் 5,800 கொடுக்க வேண்டும். 250 ரூபாய்ச் செலவுக்கு 2,800 ரூபாய் அபராதம். இதற்குப் பேர் நியாய விலை என்றால் எங்கள் ஆபீசில் ஒரு வாடிக்கையாளர் மிஞ்ச மாட்டார்.

அதே சீட்டைப் பொங்கலுக்கு முந்தின நாள் ஒரு விலைக்கும் சாதாரணச் செவ்வாய்க்கிழமை வேறு விலைக்கும் விற்கிறார்கள். அந்த வித்தியாசத்தில் என் எடையும் உங்கள் எடையும் சேர்ந்து கரைந்துவிடும்.

இவ்வளவு சொன்னாலும், எடைக்குக் காசு வாங்குவதே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். நானே கட்டியிருக்கிறேன். 2019-ல் குடும்பத்தோடு கேதார்நாத் போனபோது மேலே போக ஹெலிகாப்டர். கவுண்டர் பக்கத்தில் எடை மெஷின். வரிசையில் நிற்கிற அத்தனை பேர் முன்னாலும் ஏறி நிற்க வேண்டும். 80 கிலோவைத் தாண்டினால் ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக் கட்டணம். தினமும் ஊராரை மெஷின் முன்னால் நிறுத்துகிறவன் அன்று மெஷின் மேல் நின்றேன். பின்னால் நின்ற என் அக்கா, "செருப்பக் கழட்டிட்டு ஏறுடா, அரைக் கிலோவாவது கொறையும்" என்றாள். வெட்கமாக இருந்தது. ஆனால் பணம் கட்டும்போது எனக்கு முணுமுணுப்பே வரவில்லை. ஹெலிகாப்டரில் ஐந்தாறு பேர்தான். கோவில் இருப்பது மூன்றரை ஆயிரம் மீட்டர் உயரத்தில், காற்று மெல்லியது, தூக்கும் சக்தி குறையும். அங்கே நான் கூடுதலாகக் கொண்டுபோன 24 கிலோ ஒரு சின்னப் பையன் அளவு. அவனுக்கு டிக்கெட் எடுத்ததாக நினைத்துக்கொண்டேன்.

சமோவா ஏர் கதையும் இதே ரகம். பசிபிக் தீவு நாடான சமோவாவில் 2013-ல் இந்தத் திட்டத்தை முதலில் கொண்டுவந்தவர்கள் அவர்கள்தான். டிக்கெட் எடுக்கும்போதே நம் எடையையும் பெட்டியின் எடையையும் சொல்ல வேண்டும், விமான நிலையத்தில் சரிபார்ப்பார்கள், கிலோவுக்கு இவ்வளவு என்று பில். உலகமே சிரித்தது, திட்டியது. ஆனால் அவர்கள் ஓட்டியது பத்துப் பேர் கூட ஏற முடியாத குட்டி விமானங்கள். ஆட்களும் சராசரியில் நம்மைவிடக் கனமானவர்கள். ஒரு ஆள் கூடினால் ஒரு பெட்டியை இறக்க வேண்டிய நிலைமை. அதில் இன்னொரு விஷயம் எனக்குப் பிடித்தது: குழந்தைகளோடு போகிறவர்களுக்கு லாபம். இங்கே இரண்டு வயது தாண்டினால் ஏறக்குறைய முழு டிக்கெட். என் அக்காவின் இரண்டு பெண்களும் சேர்ந்தால் என்னில் பாதி வராது, ஆனால் இரண்டு முழு டிக்கெட். சமோவாவில் அவள் பாதிப் பணத்தை மிச்சம் பிடித்திருப்பாள். அந்த நிறுவனம் 2015-ல் மூடப்பட்டது.

அதே 2013-ல் நார்வேயில் வேலை பார்த்த பரத் பட்டா என்ற பொருளாதாரப் பேராசிரியர் இதைப் பற்றி ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார். கிலோ கணக்கில் நேரடியாக வாங்குவது ஒரு வழி. எல்லோருக்கும் ஒரு அடிப்படை விலை, கனமானவருக்குக் கூட்டி மெலிந்தவருக்குக் குறைப்பது இன்னொரு வழி. நடுவில் இருப்பவர்களை அப்படியே விட்டுவிட்டு இரண்டு ஓரத்தை மட்டும் தனியாகப் பிரிப்பது மூன்றாவது. அவருக்குப் பிடித்தது மூன்றாவதுதான். காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. சென்னை விமான நிலையத்தில் அதிகாலை வரிசையில் அதை நடத்திக் காட்டச் சொன்னால் தெரியும் சங்கதி.

எடையைப் பார்க்கவே வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. பிச்சாவரத்தில் படகு ஏறியிருக்கிறீர்களா? படகுக்காரர் யாரையும் மெஷினில் ஏற்ற மாட்டார். கரையில் நிற்கும்போதே ஒரு பார்வை பார்ப்பார். என்னைப் பார்த்ததும், "சார், நீங்க நடுவுல வாங்க. தம்பி, நீ இந்தப் பக்கம்." அவ்வளவுதான். கட்டணம் படகுக்கு. எடை அவருக்கு யார் எங்கே உட்கார வேண்டும் என்ற விஷயம்.

விமானத்திலும் இதேதான். ஒருமுறை லாஸ்பேட்டையிலிருந்து ஹைதராபாத் போனபோது பாதி சீட் காலி. கிளம்பும் முன் பணிப்பெண் வந்து, என்னையும் இன்னும் மூன்று பேரையும் வேறு வரிசைக்கு மாறச் சொன்னார். "பேலன்ஸுக்காக சார்" என்றார். எனக்குப் பிச்சாவரம் ஞாபகம் வந்தது.

இந்தப் பேலன்ஸ் விளையாட்டில்லை. 2003 ஜனவரி 8 அன்று அமெரிக்காவின் ஷார்லட் நகரில் 19 பயணிகளோடு கிளம்பிய சின்ன விமானம் ஒன்று, மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறி, கட்டுப்பாடு போய் விழுந்தது. விமானிகளையும் சேர்த்து 21 பேர், ஒருவரும் பிழைக்கவில்லை. பராமரிப்பில் செய்த தவறு முக்கியக் காரணம். அதோடு பின்பக்கம் அளவுக்கு மீறிய கனம். காகிதத்தில் கனம் சரியாகத்தான் இருந்தது. ஆளுக்கு இவ்வளவு என்று போட்ட சராசரிதான் பழையது, மக்கள் அதற்குள் பெருத்துவிட்டார்கள். அதன் பிறகு அந்தச் சராசரியை உயர்த்தினார்கள். பெரும்பாலான விமானங்கள் இன்றும் சராசரி எடையில்தான் பறக்கின்றன. ஐரோப்பாவில் பெரிய விமானங்களுக்குக் கைப்பையோடு சேர்த்துப் பெரியவருக்கு 84 கிலோ என்பது வழக்கமான கணக்கு. அந்த எண் இன்னும் சரிதானா என்று பார்க்கத்தான் ஏர் நியூசிலாந்து 2023-லும் ஃபின்னேர் 2024-லும் பயணிகளை எடை போட்டார்கள். "அய்யோ, கட்டணம் வரப்போகிறது" என்று வாட்ஸ்அப்பில் சுற்றியது அதுதான். நியூசிலாந்தில் எடை காட்டும் திரையே கண்ணில் படாது, ஃபின்லாந்தில் விருப்பப்பட்டவர் மட்டும் ஏறலாம். டிக்கெட் விலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சரி, உங்களுடைய உண்மையான வலி எங்கே என்று எனக்குத் தெரியும். எண்ணெயில் இல்லை. என் முழங்கை உங்கள் பக்கம் வருவதில் இருக்கிறது. அதை மறைத்துப் பேச நான் தயாரில்லை. புதுச்சேரி டெம்போவில் (மற்ற ஊர்க்காரர்களுக்கு ஷேர் ஆட்டோ) ஒருநாள் பஸ் ஸ்டாண்டிலிருந்து கோரிமேடு போக ஏறினேன். டிரைவர் திரும்பிப் பார்த்து, "அண்ணே, ரெண்டு சீட்டு குடுத்துடுங்க, நாலாவது ஆள் ஏற மாட்டேங்கறான்" என்றார். கொடுத்தேன். என்னை எடை போட்டு அவர் கேட்கவில்லை, நான் அடைத்த இடத்தைக் கேட்டார். என்னைவிட ஐந்து கிலோ கூடுதலாக இருக்கும் என் மச்சான் நெட்டையான ஆள், கபடி ஆடியவர். அவர் ஒரு சீட்டில் அடங்குவார். மெஷின் என்னைவிட அவரிடம்தான் அதிகம் கேட்கும், பக்கத்தில் நசுங்குவது என் பக்கத்து ஆள்தான். உங்கள் திட்டத்தில் நான் எவ்வளவு கட்டினாலும் உங்கள் சீட் ஒரு அங்குலம் கூட அகலமாகாது.

இடத்துக்குக் காசு என்றால் அதிலும் ஒரு எல்லை வேண்டும் என்று கனடா சொல்லியிருக்கிறது. ஊனத்தாலோ உடல் பருமனாலோ இரண்டு சீட் தேவைப்படுகிறவரிடம் உள்நாட்டு விமானத்தில் ஒரு டிக்கெட் காசுதான் வாங்க வேண்டும் என்று 2008-ல் அங்கே போக்குவரத்து ஆணையம் உத்தரவிட்டது. விமான நிறுவனங்கள் உச்ச நீதிமன்றம் வரை போயும் வழக்கு எடுக்கப்படவில்லை. தைராய்டு, ஸ்டீராய்டு மாத்திரை, எத்தனையோ காரணம் இருக்கும், கவுண்டரில் நிற்கிற பெண் அதை எப்படிப் பிரிப்பாள்? என் விஷயத்தில் காரணம் பரோட்டாதான், அதை ஒப்புக்கொள்கிறேன்.

என்னைக் கேட்டால், சீட்டை இரண்டு அங்குலம் அகலமாக்கி எல்லோரிடமும் இருநூறு கூடுதலாக வாங்கட்டும், முதல் ஆளாகக் கொடுப்பேன். ஹெலிகாப்டரிலும் பத்துச் சீட் விமானத்திலும் எடை போடட்டும், ஏறி நிற்பேன். செருப்பைக் கழற்றிவிட்டு. சென்னை டெல்லி விமானத்தில் அதே மெஷினை வைத்தால் ஏற மாட்டேன்.

மற்றபடி அந்த மணிக்கு 250 ரூபாய் என் பேரில் பாக்கி என்று நீங்கள் நினைத்தால் மறுக்கவில்லை. கடலூர்ப் பக்கம் வந்தால் சொல்லுங்கள், பண்ருட்டி முந்திரியாகக் கொடுத்துக் கழித்துவிடுகிறேன். எடை போட்டுத்தான் தருவேன்.