சர்ஜ் வரும் வாரம்: மிளகாய் வாடுகிறது, கீரை விதைக்கலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். சிங்கப்பூர் ஈசூனில் எனக்கு ஒதுக்கீட்டுத் தோட்டப் பாத்தி ஒன்று இருக்கிறது. 2.5 மீட்டருக்கு 1 மீட்டர். அதில் பத்து மிளகாய்ச் செடி. அது போக, புளோக் கீழே சமூகத் தோட்டத்தில் ஆறு நீளத் தொட்டிகளில் மிளகாயும் கத்தரியும். தொட்டி அடியில் தண்ணீர் வடிய இரண்டு அங்குலத்துக்குக் களிமண் உருண்டை போட்டிருக்கிறேன். போன வாரம் பாத்தியில் மூன்று மிளகாய் திடீரென்று வாடிவிட்டன. இலை பச்சையாகவே தொங்குகிறது. தொட்டியில் உள்ளவை மஞ்சளடித்து இலை உதிர்க்கின்றன. கடைக்காரர் தாமிர மருந்தும் ரூட் பூஸ்டரும் (வேருக்கான சத்து) கொடுத்தார். இந்த வாரம் பெரும்பாலான பிற்பகல்களில் இடியுடன் மழை, சனிக்கிழமை வாக்கில் மான்சூன் சர்ஜ் (பருவக்காற்று வலுத்துக் கொண்டுவரும் தொடர்மழை) என்கிறது வானிலை அறிக்கை. எந்த நாள் மருந்து அடிக்கலாம்? பொங்கலுக்குக் கீரை அறுக்க இப்போதே விதைக்கலாமா?
— வாசகி, டிசம்பர் இரண்டாம் வாரம்

பதில்: அம்மா, மருந்து அடிக்க நாள் பார்க்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். வாடிய செடி ஒன்றைப் பிடுங்கி, தண்டின் அடிப்பகுதியில் ஏழு சென்டிமீட்டர் துண்டு வெட்டி, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, வெட்டுவாய் மட்டும் நனையும்படி தொங்கவிடுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் பால் போல வெள்ளை இழை கீழே இறங்கினால் அது பாக்டீரியா வாடல். அதற்கு உலகத்தில் எந்தக் கடையிலும் மருந்து இல்லை. இலை பச்சையாகவே தொங்குகிறது என்று எழுதியிருப்பதால் என் சந்தேகமும் அதன் மேல்தான். இழை வராமல், தண்டு மண்ணைத் தொடும் இடம் கருத்துச் சுருங்கியிருந்தால் பைட்டோப்தோரா என்ற பூஞ்சை போன்ற கிருமியால் வரும் அழுகல். வேரை விரலால் உருவும்போது தோல் உறை போலக் கழன்று வந்து நாற்றமடித்தால் தண்ணீர் தேங்கி வேர் மூச்சுமுட்டியிருக்கிறது. பாத்தியில் ஒன்றும் தொட்டியில் வேறொன்றுமாக இருக்கவும் கூடும்.

வெள்ளை இழை வந்தால் மூன்று செடிகளையும் வேர்மண்ணோடு பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். கம்போஸ்ட் குழிக்குப் போகக் கூடாது. கத்தரிக்கோலையும் மண்வெட்டியையும் கழுவாமல் அடுத்த செடியைத் தொடாதீர்கள். அந்த இடத்தில் மறுபடி மிளகாய், கத்தரி, தக்காளி வேண்டாம். கீரை போடலாம்.

தாமிர மருந்து இலையைக் காக்கும். வேருக்குள் போன நோயை அது தொடாது. இலைப்புள்ளியும் சேர்ந்து இருந்தால் மட்டும், சர்ஜ் வருவதற்கு முன், காலை மழை இல்லை என்று 24 மணி நேர முன்னறிவிப்பு சொல்லும் ஒரு நாளில், இலை ஈரம் காய்ந்தபின் ஒன்பது மணி வாக்கில் அடியுங்கள். மருந்து காய நாலு மணி நேரமாவது வேண்டும். அடித்த மருந்து ஈரத்திலேயே கிடந்தால் இலை கருகும். அறுவடைக்கு எத்தனை நாள் விட வேண்டும் என்பதை லேபிளில் பார்த்துக்கொள்ளுங்கள். ரூட் பூஸ்டரைத் திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிடுங்கள். காற்று இல்லாத வேருக்குச் சத்து ஊற்றுவதில் பயனில்லை. செடியைப் பார்க்காமலே இரண்டு பாட்டில் எடுத்துக் கொடுப்பவர் கடையில் இனி எதையும் கேட்டு வாங்காதீர்கள்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, இந்த வாரம் விழப்போகும் தண்ணீர் எந்த வழியாக வெளியே போகும் என்பதுதான்.

அறிக்கையில் இரண்டு விதமான மழை இருக்கிறது. பிற்பகல் இடிமழை ஒரு மணி, இரண்டு மணி நேரம் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். மண்ணுக்கு இரவெல்லாம் வடிய நேரம் கிடைக்கும். ஈசூனில் கொட்டும்போது பிடோக்கில் வெயிலாகவும் இருக்கும். சர்ஜ் வேறு. தென்சீனக் கடல் மேல் வடகிழக்குக் காற்று வலுத்து, ஜொகூர் கிழக்குக் கரை, பிந்தான், பாத்தாம், சிங்கப்பூர் எல்லாவற்றையும் ஒரே மேகப் போர்வையில் மூடிவிடும். ஒரு பருவத்தில் இரண்டு முதல் நாலு முறை, ஒவ்வொன்றும் ஒரு நாள் முதல் ஐந்து நாள் வரை. விட்டுவிட்டுப் பெய்தாலும் வெயில் வராது, மண் காயாது. 2025 ஜனவரி 10, 11 இரண்டே நாளில் சாங்கியில் 255.2 மில்லிமீட்டர் பெய்தது. அங்கே ஜனவரி மாதம் முழுவதற்குமான சராசரியே 222.4தான். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். அப்படி ஒரு சர்ஜ் உங்கள் பாத்தியில் இறங்கினால் 638 லிட்டர். அறிக்கையில் எத்தனை நாள் மழைப் படம் போட்டிருக்கிறது என்று எண்ணாதீர்கள், சர்ஜ் என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது அந்தக் களிமண் உருண்டை. வடிகாலுக்கு என்று சொல்லி விற்கப்படும் பொருள்களில் இதைப் போலத் தீங்கு செய்வது வேறில்லை. சன்னமான மண்ணில் இருக்கும் தண்ணீர், கீழே பெரிய இடைவெளி இருப்பதாலேயே அதற்குள் இறங்கிவிடாது. மண்ணின் நுண்துளைகள் அதைப் பிடித்து வைத்திருக்கும். உருண்டைக்கு மேலே உள்ள மண் முழுக்க ஊறி நிரம்பிய பிறகுதான் சொட்டத் தொடங்கும். சமையலறை ஸ்பாஞ்சை நனைத்துப் படுக்கையாகப் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் அதையே நெட்டுக்குத்தாக நிமிர்த்துங்கள், மறுபடி தண்ணீர் கொட்டும். உயரம் கூடினால்தான் தண்ணீர் இறங்கும். உங்கள் தொட்டி 25 சென்டிமீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். அடியில் ஆறு சென்டிமீட்டர் சேறாக நிற்கும் கலவை என்றால், உருண்டை போடாதபோது வேருக்கு 19 சென்டிமீட்டர் காற்றோட்டமான மண் கிடைக்கும். இரண்டு அங்குல உருண்டை போட்டதும் அந்தச் சேற்று அடுக்கு அப்படியே ஐந்து சென்டிமீட்டர் மேலே ஏறிவிடுகிறது. வேருக்கு மிச்சம் 14. ஜல்லி, உடைந்த ஓடு, தெர்மகோல் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். துளை மேல் ஒரு துண்டு வலை போதும், அதற்கு மேல் ஒரே கலவை.

ஆனால் இந்த வாரம் தொட்டியைக் கொட்டி மாற்றாதீர்கள், நைந்த வேர் அறுந்துவிடும். சனிக்கிழமைக்குள் செய்யக்கூடியது இது. அடித்தட்டை எடுத்துவிடுங்கள் (கொசுவுக்காகவும் எடுக்க வேண்டியதுதான்). தொட்டியைச் செங்கல் மேல் ஏற்றி, துளை தரையில் ஒட்டாமல் வையுங்கள். துளை உள்ள பக்கம் தாழ்வாக, மறுமுனைக்கு இன்னொரு செங்கல் கொடுத்துச் சாய்வாக நிறுத்துங்கள். ஸ்பாஞ்சை நிமிர்த்தியது போலத்தான், தேங்கியதில் ஒரு பங்கு இறங்கிவிடும். தடித்த பருத்திக் கயிறு ஒன்றைத் துளை வழியாக உருண்டை அடுக்கைத் தாண்டி மண்ணுக்குள் எட்டும்வரை குச்சியால் செருகி, வெளியே பத்து சென்டிமீட்டர் தொங்கவிடுங்கள். அது திரி போலத் தண்ணீரை இழுத்துச் சொட்டும்.

பாத்தியில் வடிதுளைகள் இருந்தால் கம்பி விட்டுக் குத்திப் பாருங்கள். வேரும் கலவையிலுள்ள நைந்த பீட்டும் (மக்கிய பாசித் தூள்) அடைத்திருக்கும். புதிதாகத் துளை போடுவதாக இருந்தால் பாத்தியை ஒதுக்கித் தந்த தேசியப் பூங்காக் கழகத்திடம் கேட்காமல் போடாதீர்கள். மண் தெறித்து நோய் ஏறாமலிருக்க, மிளகாயில் தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் வரை அடி இலைகளைக் கிள்ளிவிடுங்கள். உரம் எதுவும் இப்போது வேண்டாம், மழையோடு போய்விடும். மஞ்சளடித்த செடிகளுக்குச் சர்ஜ் முடிந்து மூன்றாவது காய்ந்த நாளில் பாதி அளவு கொடுங்கள்.

பிப்ரவரியில் மழை குறைந்ததும் தொட்டிகளைக் கொட்டிப் புதுக் கலவை போடுங்கள். மூன்றில் ஒரு பங்கு மூன்று முதல் ஆறு மில்லிமீட்டர் பருமனுள்ள பியூமிஸ் அல்லது பெர்லைட் (இரண்டும் எடை குறைந்த எரிமலைக் கல் வகை), ஒரு பங்கு சுட்ட மண், ஒரு பங்கு நன்கு மக்கிய கம்போஸ்ட். பொடி மணல் சேர்க்காதீர்கள், அது துளைகளை அடைக்கும். மழைக்காலத் தொட்டியில் தென்னைநார்த் தூள் கால்பங்கைத் தாண்டக் கூடாது.

கீரை விஷயம் சுலபம். நேரடியாகப் பாத்தியில் இந்த வாரம் தூவாதீர்கள். கனத்த மழைத்துளி விதையை ஓரத்துக்கு அடித்துவிடும், முளைத்தது நாற்றழுகலில் சாயும். நாளைக்கே முளைக்கீரை விதையைப் பத்து மடங்கு உலர்ந்த மணலில் கலந்து, சதுர மீட்டருக்கு ஒரு கிராம் கணக்கில் தட்டில் விதைத்து, மழைபடாத ஆனால் வெளிச்சமுள்ள இடத்தில், காரிடாரில்கூட, வையுங்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் பாத்தியில் நடுங்கள். மேலே 40 சென்டிமீட்டர் உயரத்தில் நிழல்வலை கட்டுங்கள், துளி உடைந்து விழும். பிளாஸ்டிக் தாள் போர்த்தினால் பக்கங்களைத் திறந்தே விடுங்கள், வடகிழக்குப் பக்கக் கட்டு இறுக்கமாக இருக்கட்டும். பொங்கலுக்கு இளங்கீரையாக அறுக்கலாம்.

நேர்ச்சுவருள்ள டின் ஒன்றைப் பாத்தி ஓரம் வைத்து, தினமும் காலையில் அளவுகோலால் அளந்து கொட்டிவிடுங்கள். திங்கட்கிழமை அந்த அளவுகளையும், தம்ளரில் இழை வந்ததா இல்லையா என்பதையும் எழுதுங்கள். மீதி ஏழு செடிகளை வைத்திருப்பதா பிடுங்குவதா என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.