பிரேரி சிறுநகரத்துக்குத் தொழிலும் ஆளும் வரவேண்டுமா? – கேள்வி பதில்

கனடாவின் பிரேரி எனப்படும் சமவெளிப் பகுதியில், மானிடோபா, சஸ்காச்சுவான் மாகாணங்களில் ஐம்பதாயிரம் பேர் அளவிலும் அதற்குக் கீழும் உள்ள ஊர்களைப் பற்றி வந்த கேள்விகள் இவை.

கேள்வி (மானிடோபா, நகரசபை ஆலோசனைக் குழு உறுப்பினர்): தொழிற்பேட்டைக்கு 40 ஏக்கர் ஒதுக்கி, ஹைவே ஓரம் பலகையும் வைத்தாயிற்று. ஒரு கம்பெனியும் எட்டிப் பார்க்கவில்லை. விளம்பரத்துக்கு இன்னும் பணம் ஒதுக்கலாமா?

பதில்: வேண்டாம். இடம் தேடும் கம்பெனி முதலில் ஆளை அனுப்பாது, கேள்விப் பட்டியலைத்தான் அனுப்பும். நாளுக்கு எத்தனை கனமீட்டர் தண்ணீர் தருவீர்கள், கழிவுநீர் நிலையத்தில் மிச்சம் எவ்வளவு தாங்கும், த்ரீ ஃபேஸ் மின்சாரம் எத்தனை மெகாவாட், எரிவாயுக் குழாயில் அழுத்தம் என்ன, மண் பரிசோதனை அறிக்கை எங்கே என்று கேட்பார்கள். "விசாரித்துச் சொல்கிறோம்" என்று எழுதினால், எண்ணோடு பதில் எழுதிய அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள்.

இந்தக் குளிரில் தண்ணீர்க் குழாயை ஏறத்தாழ இரண்டரை மீட்டர் ஆழத்தில் பதிக்கவேண்டும். நிலம் உறைந்த பிறகு தோண்டினால் செலவு ஏறும். அதனால் "நீங்கள் வந்தால் போட்டுத் தருகிறோம்" என்பது ஒரு கோடைக்காலம் தள்ளிப்போகும் என்றுதான் பொருள். நாற்பதுக்கும் காசில்லையென்றால் பத்து ஏக்கருக்கு மட்டும் குழாய், மின்சாரம், டிரெய்லர் லாரி திரும்பும் அகலத்தில் ரோடு எல்லாம் போட்டு முடியுங்கள். மீதி வயலாகவே கிடக்கட்டும்.

கேள்வி: மானிடோபாவில் 13,000 பேர்தான் இருக்கும் போர்ட்டேஜ் லா பிரேரிக்கு ரோக்கெட் மாதிரி பெரிய பிரெஞ்சுக் கம்பெனி எப்படி வந்தது?

பதில்: 2017 ஜனவரியில் அறிவித்து 2021 நவம்பரில் திறந்த ஆலை அது. ஆண்டுக்கு 1,25,000 டன் மஞ்சள் பட்டாணியிலிருந்து புரதத்தைப் பிரிக்கும் கொள்ளளவு கொண்டது. பட்டாணி அக்கம்பக்கத்து வயல்களிலேயே விளைகிறது. சிஎன், சிபி (2023 முதல் சிபிகேசி) என்ற இரண்டு ரயில் கம்பெனிகளின் பிரதான பாதைகளும் ஊர் வழியே போகின்றன, டிரான்ஸ் கனடா ஹைவேயும் அங்கேதான். மின்சாரம் பெரும்பாலும் நீர்மின்சாரம்.

இதெல்லாம் எல்லோரும் சொல்வது. கழுத்தைப் பிடிப்பது கழிவுநீர். அந்த ஊரில் ஏற்கெனவே சிம்ப்ளாட், மெக்கெய்ன் உருளைக்கிழங்கு ஆலைகள் உண்டு. 2020இல் சிம்ப்ளாட்டும் இரண்டு மடங்குக்கு மேல் பெரிதானது. மாவுச்சத்தும் புரதமும் கலந்த கழிவு வீட்டுக் கழிவைவிடப் பல மடங்கு அடர்த்தி. அதைச் சுத்திகரித்து அசினிபோயின் ஆற்றில் விட்டால் கடைசியில் வின்னிபெக் ஏரிக்குப் போகும். ஏரியில் பாசி படர்வதால் பாஸ்பரஸுக்கு மாகாணம் கடும் வரம்பு வைத்திருக்கிறது, லிட்டருக்கு 1 மில்லிகிராம். ஆகவே நகரம் தன் கழிவுநீர் நிலையத்தைப் பெரிய செலவில் மேம்படுத்த வேண்டியிருந்தது.

உங்கள் ஊருக்கும் இப்படி ஆலை வருவதாக இருந்தால், அடிக்கல் நாட்டுமுன் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: நாளுக்கு எவ்வளவு கழிவு, அதன் பிஓடி (கழிவைச் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) எவ்வளவு, பாஸ்பரஸ் எவ்வளவு, மீறினால் என்ன கட்டணம். முக்கியமாக, ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்டவேண்டிய நிலையான கொள்ளளவுக் கட்டணம். அது இல்லாமல் ஆலை உற்பத்தியைப் பாதியாகக் குறைத்தால், நிலையத்துக்கு வாங்கிய கடன் ஊர்க்காரர் தண்ணீர் பில்லில் வந்து விழும்.

கேள்வி (மூஸ் ஜா, சஸ்காச்சுவான்): சொத்துவரி விலக்கு தந்தால் கம்பெனி வருமா?

பதில்: வருவதாக இருக்கிற கம்பெனி கொஞ்சம் சீக்கிரம் வரும், அவ்வளவுதான். சஸ்காச்சுவானில் நகரசபை ஒப்பந்தம் போட்டுத் தரும் விலக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் போகமுடியாது. தருவதென்றால் புதுக் கட்டடத்தால் கூடும் வரிக்கு மட்டும் தாருங்கள். சொன்ன வேலைகள் வராவிட்டால் திருப்பிக் கட்டவேண்டும் என்றும் எழுதுங்கள். என்னைக் கேட்டால், அந்த நேரத்தில் ஊரில் ஏற்கெனவே இருக்கிற இருபது முதலாளிகளைப் போய்ப் பார்ப்பது மேல். விரிவாக்க எது தடை என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

கேள்வி (வெல்டிங் பட்டறை உரிமையாளர்): வெளியிலிருந்து கொண்டுவந்த வெல்டர்கள் ஒரு வருஷம் ஆனதும் கால்கரிக்குப் போய்விடுகிறார்கள். சம்பளம் குறைவில்லையே?

பதில்: வெல்டர் போகிறாரா, அவர் மனைவி போகிறாரா என்று பாருங்கள். துணைக்கு வேலையும் பிள்ளைக்குக் காப்பகமும் கிடைக்காத குடும்பம் தங்காது. மானிடோபாவில் உரிமம் பெற்ற காப்பகத்துக்குப் பெற்றோர் கட்டுவது 2023 ஏப்ரலிலிருந்து நாளுக்கு அதிகபட்சம் 10 டாலர். கட்டணம் குறைந்தது, இடம்தான் கிடைப்பதில்லை. நாலைந்து முதலாளிகள் சேர்ந்து காப்பகத்துக்குக் கட்டடம் கொடுத்தால் அது சம்பள உயர்வைவிட ஆளைப் பிடித்துவைக்கும்.

இரவு ஷிஃப்ட் ஒரு மணிக்கு முடிகிறது, அப்போது பஸ் இல்லை என்றால் வேன் விடுங்கள். கார் நிறுத்துமிடத்தில் பிளாக் ஹீட்டருக்கு (எஞ்சினைச் சூடாக வைக்கும் கருவி) பிளக் வைத்திருக்கிறீர்களா? மைனஸ் முப்பதில் எட்டு மணி நேரம் நின்ற வண்டி லேசில் கிளம்பாது. புதிதாக வந்தவருக்கு முதல் குளிர்காலம் வெறுத்துப்போவது இப்படித்தான்.

கேள்வி (ஸ்கார்பரோ): அண்ணை, வேர்க் பெர்மிட்டில வேர்ஹவுஸ் வேலை செய்யிறம். மானிடோபாவில பிரண்டன் பக்கம் போனால் பிஆர் (நிரந்தர வதிவுரிமை) எடுக்கலாம் எண்டு சொல்லுகினம், உண்மையோ?

பதில்: வழி இருக்கிறது, ஊருக்குப் போனால் மட்டும் போதாது. 2025 ஜனவரி 30இல் தொடங்கிய கிராமப்புறக் குடியேற்றத் திட்டத்தில் பிரண்டன், ஸ்டைன்பாக், ஆல்டோனா–ரைன்லேண்ட், மூஸ் ஜா, ஆல்பர்ட்டாவின் கிளேர்ஸ்ஹோம் உண்டு. அந்த ஊர் அங்கீகரித்த முதலாளியிடமிருந்து முழுநேர, நிரந்தர வேலைக் கடிதம் வேண்டும். அந்த வேலையோடு தொடர்புடைய 1,560 மணி நேர அனுபவம் கடைசி மூன்று ஆண்டுக்குள் இருக்கவேண்டும். சொந்தத் தொழில் செய்த மணிகள் கணக்கில் வராது. பொதுவான உடலுழைப்பு வேலைக்கு மொழியில் சிஎல்பி (கனடிய மொழித்திறன் அளவுகோல்) 4 போதும். ஐஇஎல்டிஎஸ் ஜெனரல் ஆங்கிலத் தேர்வில் அது கேட்டல் 4.5, வாசித்தல் 3.5, எழுத்து 4, பேச்சு 4. சுப்பர்வைசர் வேலையென்றால் சிஎல்பி 5 அல்லது 6 கேட்பார்கள். ஊருக்கு ஊர் முன்னுரிமைத் தொழில் வேறு, இடமும் அளவோடுதான். பெர்மிட் முடிய மூன்று மாதம் இருக்கும்போது தொடங்காதீர்கள்.

கேள்வி: ஏஜென்ட் ஒருவர் வேலைக் கடிதத்துக்குப் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கூடாது. வேலை பிடித்துத் தர தொழிலாளியிடம் காசு வாங்குவது மானிடோபாவில் 2009 முதல் சட்டவிரோதம்.

கேள்வி (சிறுநகர ஊழியர்): இறைச்சி ஆலைக்கு நூறு பேர் வரப்போகிறார்கள். எத்தனை வீடு வேண்டும்?

பதில்: இரண்டு கணக்கு போடுங்கள். முதலில் தனியாக வருவார்கள், ஒரு வீட்டில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து இருப்பார்கள். நாற்பது வீடு போதும்போலத் தெரியும். பிஆர் வந்ததும் குடும்பம் வரும், அப்போது மூன்று படுக்கையறையோடு நூறு வீடு வேண்டும். பிரண்டனில் 1999இல் திறந்த மேப்பிள் லீஃப் பன்றி இறைச்சி ஆலை பிறகு மெக்சிகோ, எல் சால்வடோர், சீனா போன்ற இடங்களிலிருந்து ஆள் எடுத்தது. குடும்பங்கள் சேர்ந்தபோது பள்ளிகளில் ஆங்கிலம் தெரியாத பிள்ளைகளுக்கு ஆசிரியர்கள் தேவைப்பட்டார்கள். ஆகவே ஆலை முதல் ஆளை எடுக்கும் மாதமே பள்ளி வாரியத்துக்கும் வீடு கட்டுபவர்களுக்கும் எண்ணிக்கையைக் கொடுத்துவிடுங்கள். வீடு எழும்ப ஒரு கட்டுமானப் பருவமாவது பிடிக்கும்.