கிறிஸ்தவர்களே, இயேசுவின் உயிர்த்தெழுதல் தனிப்பட்ட முறையில் உங்களுக்கு என்ன?

"செத்த பிறகு பரலோகம் கிடைக்கும் என்பதைத் தவிர இதில் வேறு ஏதாவது இருக்கிறதா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது. ஆனால் எனக்கு அது ஆறுதலாகத் தொடங்கவில்லை. பயமாகத்தான் தொடங்கியது.

நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவன். சின்ன வயதிலிருந்து ஒரு ஈஸ்டர் விடியற்கால ஆராதனையையும் விட்டதில்லை. இருந்தும் முப்பது வயது தாண்டும்வரை அது எனக்கு நல்லபடியாக முடிந்த ஒரு கதை, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை அழுகை, ஞாயிற்றுக்கிழமை சந்தோஷம், திங்கட்கிழமை வேலை.

பிறகு அந்த வேலையிலேயே ஒன்று நடந்தது. நான் போட்ட கணக்கு ஒன்றில் பெரிய தவறு. கடைசிக் கையெழுத்து என் நண்பருடையது. விசாரணையில் என்னையும் கூப்பிட்டு, "இதைப் பற்றி உங்களுக்கு ஏதாவது தெரியுமா?" என்று கேட்டார்கள். "தெரியாது சார்" என்றேன். அவருக்கு வேலை போனது. அவர் சண்டை போடவில்லை. மேசையைக் காலி செய்துகொண்டு போகும்போது ஒரே ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் தெரியும் என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அடுத்த வாரம் போய்ப் பேசிவிடலாம், அடுத்த மாதம் போகலாம் என்று இரண்டு வருடம் தள்ளிப்போட்டேன். ஒரு நாள் மாரடைப்பில் இறந்துபோனார்.

(செய்தி கேட்டதும், துக்கத்துக்கு முன்னால் எனக்குள் வந்தது ஒருவித நிம்மதி. இனி அந்த முகத்தைப் பார்க்க வேண்டாம் அல்லவா? இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் இதைச் சொல்லாவிட்டால் மற்றது புரியாது.)

அடுத்து வந்த பெரிய வெள்ளியில், இயேசு பிடிபட்ட இரவில் அவருடைய நெருங்கிய சீஷரான பேதுரு, அவரைத் தெரியவே தெரியாது என்று மூன்று முறை மறுதலித்த பகுதியை வாசித்தார்கள். "அந்த மனுஷனை அறியேன்." நூறு தடவை கேட்டதுதான். இயேசுவின் வாழ்க்கையைச் சுவிசேஷமாக எழுதிய நான்கு பேரில் லூக்கா மட்டும் கூடுதலாக ஒன்று சொல்கிறார்: இயேசு முன்பே சொல்லியிருந்தபடி மூன்றாம் மறுதலிப்போடு சேவல் கூவினதும் இயேசு திரும்பி பேதுருவைப் பார்த்தார். அதற்கு மேல் வாசித்தது எதுவும் என் காதில் ஏறவில்லை.

அன்றைக்குத்தான் ஞாயிற்றுக்கிழமையை முதல்முறையாகப் பேதுருவின் பக்கத்திலிருந்து நினைத்துப் பார்த்தேன். கைவிட்டு ஓடியவர்களைத் தேடிச் செத்தவன் திரும்பி வருகிறான் என்றால், நாம் கேட்டு வளர்ந்த கதைகளில் அது எதற்காக இருக்கும்? பழிவாங்கத்தானே! கல்லறை காலி என்பது பேதுருவுக்கு நல்ல செய்தியாகவா இருந்திருக்கும்?

சீஷர்கள் பயந்து ஒளிந்திருந்த பூட்டிய கதவுக்குள் வந்து நின்ற இயேசு முதலில் சொன்னது "உங்களுக்குச் சமாதானம்" என்பது. அடுத்துக் காட்டியது காயங்களை. இந்த இரண்டும் சேர்ந்து வருவதுதான் எனக்கு முக்கியம். ஆணி அடித்த தழும்பு இல்லாத புது உடம்போடு வந்திருந்தால், நடந்ததை மறந்துவிடுவோம் என்று ஆகியிருக்கும். அவர் எதையும் மறைக்கவில்லை. பழிவாங்கவும் வரவில்லை.

மாற்கு சுவிசேஷத்தில் ஒரு சின்னச் சொல் இருக்கிறது. கல்லறைக்கு வந்த பெண்களிடம், "அவருடைய சீஷரிடத்திற்கும் பேதுருவினிடத்திற்கும் போய்" சொல்லுங்கள் என்று சொல்லப்படுகிறது. பேதுருவும் சீஷர்தானே? அந்த ஆள் தன்னை அந்தப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டிருப்பான் என்று தெரிந்து தனியாகப் பேர் சொன்ன மாதிரி இருக்கிறது. அவர் சீமோனுக்கு, அதாவது பேதுருவுக்கு, தரிசனமானார் என்று லூக்கா சொல்கிறார். ஆதித் திருச்சபைகளுக்குக் கடிதங்கள் எழுதிய பவுலும், உயிர்த்தெழுந்தவரைக் கண்ட சீஷர்களில் கேபாவின் (அதுவும் பேதுருதான்) பெயரைத்தான் முதலில் சொல்கிறார். ஆனால் அந்தச் சந்திப்பில் என்ன பேசினார்கள் என்று எந்தச் சுவிசேஷமும் எழுதவில்லை. எழுதாததே நல்லது என்று நினைக்கிறேன்.

எழுதப்பட்டிருப்பது யோவான் சுவிசேஷத்தின் 21ஆம் அதிகாரத்தில், உயிர்த்தெழுந்த இயேசு பேதுருவையும் மற்றவர்களையும் கரையில் சந்திப்பது. கரையில் கரிநெருப்பு, அதன்மேல் மீன். பேதுரு மறுதலித்த இரவில் நின்று குளிர்காய்ந்ததும் கரிநெருப்புப் பக்கத்தில்தான். அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இந்த இரண்டு இடங்களில் மட்டும்தான் வருகிறது. முதலில் சாப்பாடு. பிறகு, மறுதலித்த எண்ணிக்கைக்கு ஒன்றாக மூன்று தடவை, "என்னை நேசிக்கிறாயா?" மூன்றாம் தடவை பேதுருவுக்கு வலித்தது என்று யோவானே சொல்கிறார். வலிக்கத்தானே செய்யும்.

"கிறிஸ்து எழுந்திராவிட்டால் உங்கள் விசுவாசம் வீண்" என்ற பவுலின் வரியை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதே வசனம், "நீங்கள் இன்னும் உங்கள் பாவங்களில் இருப்பீர்கள்" என்று முடிகிறது. மரணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் நடுவில் ஏன் பாவத்துக்குப் போகிறார் என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை. இறையியலாளர்கள் இதற்கு நிறைய எழுதுவார்கள். நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான்: மன்னிப்பதற்கு ஆள் உயிரோடு இருக்க வேண்டும். இறந்துபோனவரிடம் கேட்கிற மன்னிப்புக்குப் பதில் வராது. இயேசு கல்லறையிலேயே இருந்திருந்தால், பேதுரு எவ்வளவு அழுதிருந்தாலும் சாகும்வரை அந்தச் சேவல் கூவிக்கொண்டேதான் இருந்திருக்கும்.

நீங்கள் இங்கே மடக்கலாம். "இயேசு உன்னை மன்னித்துவிட்டார், சரி. உன் நண்பர் மன்னித்தாரா?" நியாயமான கேள்வி. கடவுள் மன்னித்துவிட்டார் என்று சொல்லிக்கொண்டு, அடிபட்டவனைத் தாண்டிப் போகிற பக்தி எனக்கும் பிடிப்பதில்லை. அதனால்தான் இயேசு ஒருவர் எழுந்தது மட்டும் எனக்குப் போதவில்லை. ஆராதனையில் எங்கள் நம்பிக்கையை அறிக்கையிடுகிற விசுவாசப் பிரமாணத்தில் "பாவமன்னிப்பும், சரீரம் உயிர்த்தெழுதலும்" என்று அடுத்தடுத்துச் சொல்கிறோமே, அந்த இரண்டாவதும் வேண்டியிருக்கிறது. என் நண்பரும் எழுவார். அன்றைக்கு அவர் முகத்தை நான் பார்த்தாக வேண்டும். அவர் செத்ததோடு முடிந்தது என்று நான் மூடிவைத்த கணக்கு மூடப்படவில்லை. அது எனக்குப் பெரிய பயம். எனக்கு இருக்கிற ஒரே நம்பிக்கையும் அதுதான்.

நடந்ததையெல்லாம் எழுதி மேலதிகாரிகளிடம் கொடுத்தேன். அதன் விளைவுகள் இந்தக் கேள்விக்குத் தேவையில்லை. பிறகு நண்பருடைய மனைவியைப் பார்க்கப் போனேன். வாசலிலேயே நின்று சொல்லி முடித்தேன். குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "இதை அவர் இருக்கும்போதே வந்து சொல்லியிருக்கலாமே" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் அந்த வீட்டில் இல்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.